நானோ எடிட்டரை உங்கள் கைக்கு ஏற்றபடி அமைத்துக்கொள்வது எப்படி?

உபுண்டு, டெபியன், ராஸ்பெர்ரி பை ஓஎஸ் என எந்த லினக்ஸ் வகையை நிறுவினாலும், கட்டளைகளைத் தட்டும் திரையான டெர்மினலில் நானோ எடிட்டர் பெரும்பாலும் தயாராகவே இருக்கும். 2020இல் வந்த ஃபெடோரா 33உம் அதையே இயல்பான எடிட்டராக ஏற்றுக்கொண்டது. லினக்ஸுக்குப் புதிதாக வரும் பலர் முதன்முதலில் தொடும் எடிட்டர் இதுதான். நடுவில் எழுத இடம், கீழே இரண்டு வரிகளில் விசைகளின் பட்டியல். மனப்பாடம் செய்துகொண்டு வர வேண்டியது எதுவும் இல்லை. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பைன் மின்னஞ்சல் நிரலோடு பிக்கோ என்றொரு எளிய எடிட்டர் வந்தது. அதற்குக் கட்டற்ற மாற்று ஒன்று வேண்டும் என்று கிறிஸ் அலெக்ரெட்டா 1999இல் எழுதத் தொடங்கியதுதான் நானோ. 2001இல் அது க்னூ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தில் சேர்ந்தது.

நிறுவிய கையோடு திறந்தால் நானோ மிகவும் வெறுமையாகத் தெரியும். வரி எண் இருக்காது. டேப் விசையைத் தட்டினால் கர்சர் எட்டு இடம் தாவும். நீண்ட வரியின் மீதி வலது ஓரத்தில் மறைந்துவிடும். நேற்று 300ஆவது வரியில் விட்ட கோப்பை இன்று திறந்தால் மறுபடி முதல் வரியில் நிற்கும். இதைப் பார்த்துவிட்டு, "நானோ இவ்வளவுதான்" என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அது வருத்தமாக இருக்கிறது. இந்த நான்கு குறைகளுக்கும் தீர்வு நானோவுக்குள்ளேயே இருக்கிறது. அதை வெளியே கொண்டுவர ஓர் எழுத்துக் கோப்பில் சில வரிகள் போதும். நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் முதலிலேயே வலியுறுத்துகிறேன். யாரோ எழுதிய இருநூறு வரி அமைவுக் கோப்பை எடுத்து அப்படியே ஒட்டிவிடாதீர்கள். அதில் எந்த வரி என்ன செய்கிறது என்று தெரியாமல் போனால், ஒரு விசை எதிர்பாராத விதமாக நடந்துகொள்ளும்போது காரணத்தைத் தேடி அலைய நேரிடும். உங்களுக்கு உண்மையிலேயே இடைஞ்சலாக இருப்பது எது என்று பாருங்கள். அதற்கு ஒரு வரி சேர்த்து, பயன்படுத்திப் பார்த்து, பிறகு அடுத்ததற்குப் போங்கள். பத்து வரிகளில் முடிந்துவிட்டால் அதுவே நல்ல கோப்பு.

தொடங்கும் முன்

கோப்பில் எழுத வேண்டிய சொற்களையும் அடைவுப் பெயர்களையும் இங்கே ஒலிக்கும் விதத்தில் தமிழில் தந்திருக்கிறேன். கணினியில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்ட வேண்டும். எழுத்துக்கூட்டலில் ஐயம் வந்தால் கவலை வேண்டாம். நானோவுடன் வரும் மாதிரிக் கோப்பில் ஏறக்குறைய எல்லாச் சொற்களும் சரியான எழுத்துக்கூட்டலோடு இருக்கின்றன. அங்கிருந்து வரிகளை எடுத்துக்கொள்ளும் வழியைக் கீழே சொல்கிறேன்.

டெர்மினலில் நானோ என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, இரண்டு கோட்டுக்குறிகளோடு வெர்ஷன் என்று சேர்த்து என்டர் தட்டுங்கள். பதிப்பு எண் தெரியும். 5.0 அல்லது அதற்குப் பிந்தையது என்றால் இங்கே சொல்வதில் அனைத்தும் வேலை செய்யும். அதைவிடப் பழையது என்றாலும் பெரும்பகுதி செல்லும்.

மேக் கணினி வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மேக்ஓஎஸ் 12.3 முதல், நானோ என்று தட்டினால் திறப்பது உண்மையில் பிக்கோ. அது நானோவின் அமைவுக் கோப்பைப் படிப்பதில்லை. மேக்கில் நிரல்களை நிறுவ உதவும் ஹோம்புரூ வழியாக உண்மையான நானோவை நிறுவிக்கொண்டு வாருங்கள். இல்லாவிட்டால் என்ன எழுதினாலும் எதுவும் மாறாது.

கோப்பை உருவாக்குதல்

நானோ திறக்கும்போது இரண்டு இடங்களில் அமைவுகளைத் தேடுகிறது. முதலில் /இடிசி/நானோஆர்சி. இது கணினியில் உள்ள எல்லாப் பயனர்களுக்கும் பொதுவானது. அடுத்து உங்கள் ஹோம் அடைவில், அதாவது உங்கள் சொந்தக் கோப்புகள் இருக்கும் அடைவில் உள்ள ~/.நானோஆர்சி. ~ குறி அந்த அடைவைக் குறிக்கிறது. இரண்டும் முரண்பட்டால் பின்னால் படிக்கப்படும் உங்கள் கோப்பே வெல்லும். எனவே பொதுக் கோப்பில் கை வைக்கவே தேவையில்லை. தொடக்கத்தில் ஒரு புள்ளி, பிறகு இடைவெளியின்றி என், ஏ, என், ஓ, ஆர், சி ஆகிய ஆறு எழுத்துகள். இதுதான் உங்கள் கோப்பின் பெயர். புள்ளியில் தொடங்கும் பெயர் என்பதால் சாதாரணப் பட்டியலில் தெரியாது. எல்எஸ் கட்டளையோடு சிறிய ஏ எழுத்தைக் கோட்டுக்குறியோடு சேர்த்தால்தான் கண்ணில் படும்.

ஹோம் அடைவில் புள்ளிக் கோப்புகள் சேர்வது பிடிக்காதவர்கள் ~/.கான்ஃபிக்/நானோ/நானோஆர்சி என்ற இடத்தில் வைக்கலாம். இரண்டு இடத்திலும் வைத்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இப்போது இரண்டு கோப்புகளையும் ஒரே நேரத்தில் திறப்போம்:

நானோ /இடிசி/நானோஆர்சி ~/.நானோஆர்சி

முதலாவது, பொதுவான மாதிரிக் கோப்பு. அதில் எழுதும் உரிமை உங்களுக்கு இல்லை என்று நானோ எச்சரிக்கலாம். நல்லதுதான், தவறுதலாக எதையும் மாற்றிவிட முடியாது. இரண்டாவது இன்னும் பிறக்காத உங்கள் கோப்பு. ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு முற்றுப்புள்ளி விசையைத் தட்டினால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறலாம். எதில் நிற்கிறீர்கள் என்பதைத் திரையின் மேல் விளிம்பில் உள்ள பெயர் காட்டும். சில டெர்மினல்களில் ஆல்ட் விசை மெனுவைத் திறந்துவிடும். அப்போது எஸ்கேப்பைத் தட்டி விட்டுவிட்டு அடுத்த விசையைத் தட்டுங்கள், அதே பலன் கிடைக்கும்.

மாதிரிக் கோப்பைச் சற்று நிதானமாக உருட்டிப் பாருங்கள். ஒவ்வோர் அமைவுக்கும் மேலே ஆங்கிலத்தில் ஒரு சின்ன விளக்கம், கீழே # குறியோடு தொடங்கும் ஒரு வரி. # குறியில் தொடங்கும் வரியை நானோ படிக்காமல் தாண்டிவிடும். அதாவது ஏறக்குறைய எல்லா அமைவுகளும் அங்கே தூங்கிக்கொண்டிருக்கின்றன. வேண்டிய வரியில் கர்சரை வைத்து ஆல்ட் 6 தட்டினால் அந்த வரி நகலாகும். உங்கள் கோப்புக்கு மாறி கண்ட்ரோல் யூ தட்டினால் ஒட்டப்படும். பிறகு முன்னால் இருக்கும் # குறியையும் இடைவெளியையும் அழித்துவிடுங்கள். அந்த அமைவு விழித்துக்கொள்ளும். எழுத்துப் பிழைக்கே இடமில்லாத வழி இது.

சேமிக்க கண்ட்ரோல் ஓ, பிறகு என்டர். வெளியேற கண்ட்ரோல் எக்ஸ். நானோ தொடங்கும்போது மட்டுமே அமைவுக் கோப்பைப் படிக்கிறது. எனவே சேமித்த மாற்றத்தைக் காண, மூடிவிட்டு மறுபடி திறக்க வேண்டும். "எழுதினேன், எதுவும் நடக்கவில்லை" என்று புதியவர்கள் தவிப்பதற்குப் பல நேரம் இதுவே காரணம்.

முதல் வரி: வரி எண்

செட் லைன்நம்பர்ஸ்

லைன், நம்பர்ஸ் என்ற இரு சொற்களும் இடைவெளியின்றிச் சேர்ந்து வர வேண்டும். எந்த நிரலும் பிழை காட்டும்போது "42ஆவது வரியில்" என்றுதான் சொல்கிறது. அந்த 42ஐக் கண்ணால் பார்க்க முடிவது பெரிய வசதி. ஆல்ட் ஜி தட்டி எண்ணைக் கொடுத்தால் நேரே அந்த வரிக்குப் போய்விடலாம்.

மவுஸால் தேர்ந்தெடுத்து வேறு நிரலில் ஒட்டும்போது வரி எண்களும் சேர்ந்து வந்துவிடும் என்பது இதில் உள்ள ஒரே தொல்லை. அந்த நேரத்தில் ஆல்ட் என் தட்டினால் எண்கள் மறையும், மீண்டும் தட்டினால் வரும். 5.0க்கு முந்தைய பதிப்புகளில் என் எழுத்துக்குப் பதில் # விசை.

ஓர் அமைவு பிடிக்குமா என்று தெரியாதபோது அதைக் கோப்பில் எழுதும் முன்பே சோதிக்கலாம். நானோ என்று தட்டி, இடைவெளி, கோட்டுக்குறி, சிறிய எல், பிறகு கோப்பின் பெயர் கொடுத்தால் அந்த ஒரு முறைக்கு மட்டும் வரி எண் தெரியும். பல அமைவுகளுக்கு இப்படி ஓர் ஓரெழுத்து வடிவம் உண்டு. மேன் நானோ என்ற கட்டளையில் முழுப் பட்டியலையும் காணலாம்.

டேப்: நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி

செட் டேப்சைஸ் 4
செட் டேப்ஸ்டுஸ்பேசஸ்
செட் ஆட்டோஇன்டென்ட்

அமைவுக் கோப்பில் அதிகம் பயன்தரும் மூன்று வரிகள் என்று இவற்றைத்தான் சொல்வேன். மூன்றும் செய்வது வெவ்வேறு வேலை. அதைப் புரிந்துகொண்டால் பிற்காலத்தில் எந்த எடிட்டருக்குப் போனாலும் கைகொடுக்கும்.

டேப் என்பது கோப்புக்குள் ஒரே ஓர் எழுத்து. அது திரையில் எவ்வளவு இடத்தை அடைக்க வேண்டும் என்பது எடிட்டரின் விருப்பம். நானோ இயல்பாக எட்டு இடம் ஒதுக்குகிறது. முதல் வரி அதை நான்காகக் குறைக்கிறது. கோப்பில் உள்ள எதுவும் இதனால் மாறுவதில்லை, பார்வை மட்டுமே மாறுகிறது.

இரண்டாவது வரி அப்படியல்ல. அது கோப்பின் உள்ளடக்கத்தையே தொடுகிறது. இனி டேப் விசையைத் தட்டினால் டேப் எழுத்துக்குப் பதில் இடைவெளிகள் பதிவாகும். பைத்தான் எழுதுபவர்களுக்கு இது அவசியம் என்றே சொல்வேன். ஒரே பகுதியில் சில வரிகள் டேப்பிலும் சில வரிகள் இடைவெளியிலும் தொடங்கினால், பைத்தான் 3 அதை ஏற்காமல் பிழை காட்டி நின்றுவிடும். கண்ணுக்கு எல்லா வரிகளும் நேராகவே தெரிவதால் எங்கே தவறு என்று புதியவர்களுக்குப் பிடிபடாது. அமைவுகளை எழுதப் பயன்படும் யாமல் கோப்புகளிலோ வரியின் தொடக்கத்தை உள்ளே தள்ள டேப் எழுத்தைப் பயன்படுத்தவே கூடாது.

இந்த வரியைச் சேர்ப்பதற்கு முன்பே ஒரு கோப்பில் இருக்கும் டேப்கள் தாமாக இடைவெளிகளாக மாறிவிடுவதில்லை. இனி தட்டுவதற்கு மட்டுமே இது பொருந்தும். பழைய கோப்பில் என்ன கலந்திருக்கிறது என்று பார்க்க ஆல்ட் பி தட்டுங்கள். டேப்களும் இடைவெளிகளும் தனித்தனிக் குறிகளோடு தெரியும். மறுபடி தட்டினால் மறைந்துவிடும்.

நிரல்களைக் கட்டமைக்கும் கட்டளைகள் அடங்கிய மேக்ஃபைல் மட்டும் இதற்கு நேர் எதிர். அதில் கட்டளை வரிகள் உண்மையான டேப் எழுத்தில் தொடங்கியே ஆக வேண்டும், இடைவெளிகள் செல்லாது. நானோவின் புதிய பதிப்புகள் இதை அறிந்துவைத்திருக்கின்றன. மேக்ஃபைலைத் திறக்கும்போது டேப் விசை உண்மையான டேப்பையே தரும். பழைய பதிப்பு என்றால், மேக்ஃபைல் எழுதும்போது பதிப்பைப் பொறுத்து ஆல்ட் ஓ அல்லது ஆல்ட் க்யூ தட்டி இடைவெளி மாற்றத்தைத் தற்காலிகமாக நிறுத்திக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வரியின் வேலை எளிது. என்டர் தட்டியதும் புதிய வரி, மேலே உள்ள வரி எவ்வளவு உள்ளே தள்ளி இருந்ததோ அதே அளவில் தொடங்கும். இதில் முன்பு ஒரு தொல்லை இருந்தது. வெளியிலிருந்து பல வரிகளை ஒட்டினால் ஒவ்வொரு வரியும் முந்தையதைவிட உள்ளே போய், படிக்கட்டு போலச் சரிந்துவிடும். 4.8 பதிப்பிலிருந்து, ஒட்டப்படுவதை நானோ அடையாளம் கண்டு அந்த நேரத்தில் மட்டும் உள்தள்ளுவதைத் தவிர்க்கிறது.

நீண்ட வரிகள்

செட் சாஃப்ட்ராப்
செட் அட்பிளாங்ஸ்

முதல் வரி, திரையைத் தாண்டும் வரியை மடித்து அடுத்த வரிசையில் காட்டும். இரண்டாவது, அந்த மடிப்பு சொல்லின் நடுவில் விழாமல் இடைவெளியில் விழும்படி பார்த்துக்கொள்ளும். இரண்டுமே காட்சி மாற்றங்கள்தாம், கோப்பில் புதிதாக வரி முறிவு எதுவும் சேராது.

மாதிரிக் கோப்பில் பிரேக்லாங்லைன்ஸ் என்று இன்னொன்றைப் பார்ப்பீர்கள். அதை எழுப்பாமல் இருப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. அது நீண்ட வரியை உண்மையிலேயே வெட்டி இரண்டாக்கிவிடும். கடிதம் எழுதும்போது பரவாயில்லை. குறித்த நேரத்தில் தானாக ஓட வேண்டிய பணிகளைப் பட்டியலிடும் கிரான்டாப் போன்ற கோப்புகளில் ஒரு பணி ஒரே வரியில் இருந்தாக வேண்டும், அங்கே வரி உடைந்தால் பணியும் உடையும். 4.0க்கு முந்தைய பதிப்புகளில் இந்த வெட்டுதான் இயல்பாக நடந்துகொண்டிருந்தது. 2019 மார்ச்சில் வந்த 4.0இல்தான் அதை நிறுத்தினார்கள். பழைய சர்வர் ஒன்றில் வேலை செய்ய நேர்ந்தால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

விட்ட இடத்தை நினைவில் வைத்தல்

செட் பொசிஷன்லாக்
செட் ஹிஸ்டரிலாக்

முதல் வரி, கடைசியாகத் திறந்த 200 கோப்புகளில் கர்சர் எங்கே இருந்தது என்பதைக் குறித்துவைக்கும். அடுத்த முறை அதே இடத்தில் திறக்கும். இரண்டாவது வரி, நீங்கள் தேடிய கடைசி 100 சொற்களைச் சேமிக்கும். தேடல் பெட்டியில் மேல் அம்பை அழுத்தினால் பழைய தேடல்கள் ஒவ்வொன்றாக வரும்.

இவை உங்கள் ஹோம் அடைவுக்குள் சாதாரண எழுத்துக் கோப்புகளாகவே சேமிக்கப்படுகின்றன. கல்லூரி ஆய்வகம், அலுவலகம் போல ஒரே கணக்கைப் பலர் பயன்படுத்தும் இடங்களில் ஹிஸ்டரிலாக் வேண்டாம். கடவுச்சொல் ஒன்றைத் தேடியிருந்தால் அதுவும் அங்கே பதிவாகியிருக்கும்.

காப்பு நகல்

செட் பேக்கப்

சேமிக்கும்போது, கோப்பின் முந்தைய வடிவத்தை அதே அடைவில், பெயரின் முடிவில் ~ குறியோடு விட்டுவைக்கும் வரி இது. கணினியின் அமைவுக் கோப்புகளைத் திருத்தப் பழகுபவர்கள் முதல் நாளிலேயே இதைச் சேர்த்துவிடுங்கள். ஒரு தவறான வரியால் இணைய இணைப்பே போய்விட்டால், பழைய கோப்பு பக்கத்திலேயே இருப்பதன் அருமை அப்போது தெரியும்.

~ குறிக் கோப்புகள் எங்கும் சிதறிக் கிடப்பது பிடிக்கவில்லை என்றால், அவற்றுக்கென ஓர் அடைவை உருவாக்கி, செட் பேக்கப்டர் என்று எழுதி, பிறகு அந்த அடைவின் முழுப் பாதையையும் இரட்டை மேற்கோள் குறிகளுக்குள் தாருங்கள். இப்படிச் செய்தால் ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் புதிய எண்ணோடு தனி நகல் உருவாகும். பழைய நகல்களை நானோ அழிக்காது, அவ்வப்போது நீங்கள்தான் அழிக்க வேண்டும். அடைவை முதலில் உருவாக்கிவிட்டுப் பிறகு இந்த வரியை எழுதுங்கள். அடைவு இல்லாமல் வரி மட்டும் இருந்தால் நானோ திறக்கவே மறுத்துவிடும்.

நிறங்கள்

நிரல் கோப்புகளில் சொற்கள் வகைக்கொரு நிறத்தில் தெரிவதற்கான விதிகள் /யூஎஸ்ஆர்/ஷேர்/நானோ அடைவில் மொழிக்கு ஒரு கோப்பாக இருக்கின்றன. உபுண்டுவிலும் டெபியனிலும் பொதுக் கோப்பே அவற்றை அழைத்துவிடுகிறது. உங்கள் கணினியில் நிறம் வரவில்லை என்றால், மாதிரிக் கோப்பின் கடைசிப் பகுதியில் இன்க்ளூட் என்று தொடங்கும் வரியை உங்கள் கோப்புக்குக் கொண்டுவந்து # குறியை எடுத்துவிடுங்கள்.

நானோவின் சொந்த நிறங்களையும் மாற்றலாம். இதில் அழகைவிடப் பாதுகாப்புக்குப் பயன்படும் ஒரு வழி மாதிரிக் கோப்பிலேயே சொல்லப்பட்டிருக்கிறது. கணினியின் மீது முழு அதிகாரம் கொண்ட ரூட் பயனரின் ஹோம் அடைவில் உள்ள நானோஆர்சியில் மட்டும் தலைப்புப் பட்டைக்கு வேறு நிறம் கொடுப்பதுதான் அது:

செட் டைட்டில்கலர் போல்டு,ஒயிட்,மெஜந்தா

காற்புள்ளிகளை அடுத்து இடைவெளி கூடாது. எழுத்தின் நிறம் முதலில், பின்னணி அடுத்து. இதை வைத்துவிட்டால், மேலே மெஜந்தா பட்டை தெரியும்போதெல்லாம் முழு அதிகாரத்தோடு கோப்பைத் திறந்திருக்கிறீர்கள் என்று கண் உடனே எச்சரிக்கும்.

விசைகளை மாற்றுதல்

இதை அவசரப்பட்டுச் செய்ய வேண்டாம். நானோவின் விசைகள் திரையின் கீழேயே எழுதப்பட்டிருக்கின்றன. சில நாள்களில் கை பழகிவிடும். வேறொருவர் கணினியில் உட்கார்ந்தாலும் அதே விசைகள் வேலை செய்யும். ஆனால் கண்ட்ரோல் இசட் தட்டிச் செய்ததை மீட்பது பல ஆண்டுப் பழக்கம், நானோவின் ஆல்ட் யூவுக்கு விரல் போக மறுக்கிறது என்பவர்களுக்கு இந்த இரண்டு வரிகள்:

பைண்ட் ^இசட் அண்டூ மெயின்
பைண்ட் ^ஒய் ரீடூ மெயின்

^ குறி கண்ட்ரோல் விசையைக் குறிக்கிறது. அதை ஒட்டி விசையின் எழுத்து, பிறகு செய்ய வேண்டிய வேலை, கடைசியாக அது எந்தத் திரையில் செல்லுபடியாக வேண்டும் என்பது. மெயின் என்பது நாம் எழுதும் முதன்மைத் திரை. கண்ட்ரோல் ஒய் இயல்பாக ஒரு பக்கம் மேலே போகப் பயன்படும் விசை. இனி அந்த வேலைக்குப் பேஜ் அப் விசையை நாடுங்கள்.

கண்ட்ரோல் ஐ, கண்ட்ரோல் எம் இரண்டையும் தொடாதீர்கள். டெர்மினலைப் பொறுத்தவரை அவை டேப், என்டர் விசைகளேதாம். அவற்றை மாற்றினால் இவையும் மாறிப்போகும்.

மவுஸுக்கும் ஒரு வரி உண்டு, செட் மவுஸ். சொடுக்கிய இடத்துக்குக் கர்சர் போகும். பதிலுக்கு, டெர்மினலில் மவுஸால் இழுத்து எழுத்துகளைத் தேர்ந்தெடுக்க ஷிஃப்ட் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும். நகல் எடுக்கும் தேவை அதிகம் என்பதால் நான் இதைப் பரிந்துரைப்பதில்லை.

குறிப்புகளைத் தமிழிலேயே எழுதுங்கள்

ஒவ்வோர் அமைவுக்கும் மேலே # போட்டு, அதை ஏன் சேர்த்தீர்கள் என்று ஒரு வரி எழுதிவையுங்கள். ஆறு மாதம் கழித்துத் திறக்கும்போது அந்த ஒரு வரிதான் வழிகாட்டும். நானோ யூனிகோடை ஏற்றுக்கொள்வதால் இதைத் தமிழில் எழுதத் தடையேதும் இல்லை. "பைத்தானுக்காக இடைவெளிகள்" என்று எழுதினால் போதும். குறிப்பு தனி வரியில் இருக்கட்டும். அமைவு வரியின் முடிவிலேயே # போட்டுத் தொடராதீர்கள்.

டெர்மினலில் தமிழ் எழுத்துகளின் கொம்பும் காலும் விலகித் தெரிந்தாலோ, கர்சர் ஓர் எழுத்து தள்ளி நின்றாலோ அதற்கு நானோஆர்சியில் தீர்வு தேட வேண்டாம். எழுத்தை வரைவது டெர்மினல் நிரலும் எழுத்துருவும்தான். கணினியின் மொழி அமைவான லோகேல் யூடிஎஃப்-8ஆக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு வேறு டெர்மினல் நிரல் ஒன்றில் அதே கோப்பைத் திறந்து பாருங்கள். இரண்டுக்கும் இடையே பெரிய வேறுபாடு தெரியலாம்.

இதுவரை சேர்த்தவற்றோடு உங்கள் கோப்பு இப்படி இருக்கும்:

# பிழை வரியைக் கண்டுபிடிக்க
செட் லைன்நம்பர்ஸ்
# பைத்தானுக்காக இடைவெளிகள்
செட் டேப்சைஸ் 4
செட் டேப்ஸ்டுஸ்பேசஸ்
செட் ஆட்டோஇன்டென்ட்
# நீண்ட வரிகளை மடித்துக் காட்ட
செட் சாஃப்ட்ராப்
செட் அட்பிளாங்ஸ்
# விட்ட இடத்தில் திறக்க
செட் பொசிஷன்லாக்
# பழைய நகல்
செட் பேக்கப்

ஏதாவது தவறினால்

சொல் ஒன்றைத் தவறாகத் தட்டியிருந்தால் நானோ மௌனமாக இருக்காது. எந்தக் கோப்பில் எத்தனையாவது வரியில் பிழை என்று சொல்லிவிடும். அந்த ஒரு வரியை மட்டும் தாண்டிவிட்டு மற்றவற்றை ஏற்றுக்கொள்ளும். பெரும்பாலும் எழுத்துப் பிழை, விடுபட்ட மேற்கோள் குறி, சொற்களுக்கு நடுவே தவறான இடைவெளி இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

நானோ திறக்கவே மறுத்தாலும் வழி இருக்கிறது. நானோ என்று தட்டி, கோட்டுக்குறியும் பெரிய ஐ எழுத்தும் சேர்த்து, உங்கள் அமைவுக் கோப்பின் பெயரைக் கொடுங்கள். எந்த அமைவையும் படிக்காமல் வெறும் நானோ திறக்கும். தவறான வரியைத் திருத்திவிட்டு வெளியே வாருங்கள்.

பொதுக் கோப்பில் யாரோ இயக்கி வைத்திருக்கும் ஓர் அமைவு உங்களுக்கு வேண்டாம் என்றால், செட் என்பதற்குப் பதில் அன்செட் என்று தொடங்கி அதே சொல்லை உங்கள் கோப்பில் எழுதுங்கள். உங்களுக்கு மட்டும் அது நின்றுவிடும்.

விண்டோஸில் உள்ள எடிட்டரில் இந்தக் கோப்பை எழுதிக் கொண்டுவருவதைத் தவிர்த்துவிடுங்கள். விண்டோஸ் வரி முடிவைக் குறிக்கும் முறை வேறு. நானோவின் பழைய பதிப்புகள் அந்த வடிவில் உள்ள அமைவுக் கோப்பை ஏற்காமல் போகலாம்.

சூடோவோடு திறக்கும்போது

எல்லாம் சரியாக அமைத்த பிறகு, ரூட்டின் அதிகாரத்தோடு கட்டளையை ஓட்டும் சூடோவைச் சேர்த்து நானோவைத் திறந்தால் உங்கள் வரி எண்ணும் டேப் அமைவும் காணாமல் போயிருக்கலாம். அப்போது நானோ ரூட் பயனரின் பெயரில் ஓடுகிறது. பல கணினிகளில் ஹோம் அடைவும் ரூட்டுடையதாகவே மாறிவிடும், அங்கே உங்கள் கோப்பு இல்லை.

சூடோஎடிட் என்ற கட்டளை இதற்கு நல்ல வழி. சூடோவுக்கும் எடிட்டுக்கும் நடுவே இடைவெளி இல்லை. அது கோப்பின் தற்காலிக நகல் ஒன்றை எடுத்து, உங்கள் பெயரிலேயே, உங்கள் அமைவுகளோடு எடிட்டரைத் திறக்கும். நீங்கள் சேமித்து மூடியதும் உரிய இடத்தில் எழுதிவிடும். எடிட்டருக்கு முழு அதிகாரம் கொடுக்காமலே வேலை முடிந்துவிடுகிறது. வேறு எடிட்டர் திறந்தால், ஹோம் அடைவில் உள்ள, டெர்மினல் திறக்கும்போது படிக்கப்படும் பேஷ்ஆர்சி கோப்பில் எக்ஸ்போர்ட் எடிட்டர்=நானோ என்று ஒரு வரி சேருங்கள். அதில் எடிட்டர் என்ற சொல் மட்டும் பெரிய எழுத்துகளில் இருக்க வேண்டும்.

வேறு கணினிக்கு மாறும்போது இந்த ஒரு கோப்பை மட்டும் கணினிகளுக்கிடையே கோப்பை நகலெடுக்கும் எஸ்சிபி கட்டளையாலோ யூஎஸ்பி வழியாகவோ எடுத்துக்கொண்டு ஹோம் அடைவில் வைத்தால் போதும், நிறுவ வேண்டியது எதுவும் இல்லை. அங்கே நானோ பழைய பதிப்பாக இருந்தால் சில சொற்களைத் தெரியாது என்று சொல்லும். அந்த வரிகளுக்கு முன்னால் மட்டும் # போட்டுவிடுங்கள்.